கை ஓங்குவதற்கு முன் ஒரு கேள்வி

(மகளிர் தினத்தை ஒட்டி நம் கம்யூனிட்டி ஹாலில் நடந்த கூட்டத்தில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



மகளிர் தினம் என்றால் கோலப் போட்டி, ஒரு சால்வை, ஒரு பேச்சு என்று முடிந்துவிடும். இந்த வருடம் நம் செயலாளர் வேறு மாதிரி கேட்டார். "மேடம், பார்க்கிங்கில் நடந்த விஷயத்துக்கு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாகச் சண்டை. யாராவது நிதானமாகப் பேசினால் தேவலை" என்றார். நான் வக்கீல் இல்லை. முப்பது வருடம் பள்ளியில் பி.டி. டீச்சர். அடித்துக்கொண்ட பிள்ளைகளைப் பிரித்துவிட்ட அனுபவம்தான் எனக்கு உள்ள தகுதி.

நடந்தது உங்களுக்குத் தெரியும். பெயரும் பிளாக்கும் இங்கே வேண்டாம். கார் நிறுத்தும் இடத்தில் வாக்குவாதம் முற்றி, ஒரு பெண் ஒருவரை அறைந்தார். அவர் திருப்பி அறைந்தார். அன்று ராத்திரி குழுவில் வந்த மெசேஜ்களை இரண்டு வரியில் அடக்கிவிடலாம். ஒன்று: "என்ன இருந்தாலும் பொம்பளை மேல கை வைக்கலாமா?" இன்னொன்று: "சம உரிமை வேணும்னா சம அடியும் வாங்கிக்கணும்."

நீங்களும் இந்த இரண்டில் ஒன்றுக்குக் கட்டைவிரல் காட்டியிருப்பீர்கள். இரண்டையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதல் வரி நல்ல மனசோடு சொல்லப்படுவது. நம் அப்பாக்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்தது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். அந்த ஒரு வரியால் தடுக்கப்பட்ட அடிகள் எத்தனையோ இருக்கும். ஆனால் அது யாரைக் காப்பாற்றுகிறது, யாரை விட்டுவிடுகிறது என்று பார்க்க வேண்டும்.

"பெண்களும் குழந்தைகளும் முதலில்" என்றதும் எல்லோரும் சொல்லும் உதாரணம் 1912-ல் மூழ்கிய டைட்டானிக். அதில் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 74 பேர் பிழைத்தார்கள், ஆண்களில் சுமார் 20 பேர். பெருமையான கணக்குதான். ஆனால் முதல் வகுப்பில் வந்த பெண்களில் கிட்டத்தட்ட எல்லோரும் தப்பினார்கள், மூன்றாம் வகுப்புப் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் தப்பினார்கள். அந்தப் பெருந்தன்மை மேல்தளத்தில் இருந்தவர்களைத்தான் முதலில் எட்டியது. இன்னொன்றும் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் மூன்று நூற்றாண்டுகளில் நடந்த 18 கப்பல் விபத்துகளை எடுத்து ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் பெண்கள்தான் ஆண்களைவிடக் குறைவாகப் பிழைத்திருக்கிறார்கள். அதிகம் பிழைத்தவர்கள் கப்பல் ஊழியர்கள். டைட்டானிக் விதிவிலக்கு. நாம் அதை விதி என்று நினைத்துக்கொண்டோம்.

நம் ஊருக்கு வருவோம். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். "பொம்பளை மேல கை வைக்கலாமா" என்று கேட்கும் அதே சமூகத்தில்தான் இந்த 38. அப்படியானால் அந்த வாக்கியத்தின் உண்மையான பொருள் என்ன? "அடுத்தவன் வீட்டுப் பொம்பளை மேல, நாலு பேர் பார்க்கிற இடத்தில் கை வைக்கலாமா" என்பதுதான். கதவைச் சாத்திவிட்டால் அது "அவங்க வீட்டு விஷயம்."

பெருந்தன்மையில் உள்ள சிக்கல் இதுதான். கொடுப்பவர் மனசு வைத்தால் கிடைக்கும், மனம் மாறினால் போய்விடும். "அவ பொம்பளை மாதிரியா நடந்துக்கிட்டா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பாதுகாப்பு ரத்தாகிவிடும். உரிமை அப்படி ரத்தாகாது. நீங்கள் கத்தியிருந்தாலும், நியாயம் உங்கள் பக்கம் இல்லாவிட்டாலும், உங்களை அடிக்க யாருக்கும் உரிமை கிடையாது. பெண் என்பதால் அடிக்கக் கூடாது என்பதைவிட, மனுஷி என்பதால் அடிக்கக் கூடாது என்பதுதான் பலமான காவல். அந்தக் காவல் ஆணுக்கும் உண்டு.

இப்போது இரண்டாவது வரி. "பஸ்ஸில் ஃப்ரீ டிக்கெட்டும் வேணும், சமத்துவமும் வேணுமா" என்று ஒருவர் எழுதியிருந்தார். 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது அரசு யோசித்து எடுத்த முடிவு. வேண்டாம் என்றால் ஓட்டுப் போடும்போது சொல்லலாம். அதற்கும் ஒருவர் கன்னத்தில் விழும் அடிக்கும் என்ன சம்பந்தம்? சலுகைக்கான விலையை அடியாக வசூலிக்க முடியாது.

ஆனால் அந்த வரிக்குள் ஒரு நியாயமும் ஒளிந்திருக்கிறது. பெண் அடித்தால் அது அடியே இல்லை என்று நாம் நடந்துகொள்கிறோம். சினிமாவில் கதாநாயகி அறைந்தால் தியேட்டரில் கைதட்டல். நம் விளையாட்டுத் திடலில் பத்து வயதுப் பெண் குழந்தை பையனைப் பிடித்துத் தள்ளினால் "வாலு" என்று சிரிக்கிறோம். அவன் திருப்பித் தள்ளினால் "பொண்ணை அடிக்கிறியா" என்று காதைத் திருகுகிறோம். அந்தப் பையன் அன்று கற்றுக்கொள்வது மரியாதை இல்லை, மனக்குறை. அதே மனக்குறைதான் இருபது வருடம் கழித்து "சம அடி" என்று வெளியே வருகிறது. ஆகவே சொல்கிறேன். பார்க்கிங்கில் முதலில் கை நீட்டியதும் தவறு. அதைத் தவறு என்று சொல்லாமல் இரண்டாவது அறையை மட்டும் பேசுவது நியாயமாகாது.

அப்படியென்றால் திருப்பி அடித்தது சரியா? இங்கேதான் எல்லோரும் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறோம். தற்காப்பு ஒன்று, பழிக்குப் பழி இன்னொன்று.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. பழைய தண்டனைச் சட்டத்தில் இவை 96 முதல் 106 வரை இருந்தன. அந்த உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. சாராம்சம் மூன்று. ஆபத்து வருகிறது என்ற நியாயமான அச்சம் தோன்றும்போது உரிமை தொடங்குகிறது. அந்த அச்சம் இருக்கும் வரைதான் நீடிக்கிறது. தடுக்கத் தேவையானதைவிட அதிகமாகக் காயப்படுத்தக் கூடாது. போலீஸை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை என்பதும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது.

அதற்காகச் சட்டம் தராசு வைத்து நிறுப்பதும் இல்லை. உயிருக்குப் பயந்து நிற்பவர் தன் பலத்தை அளந்து அளந்து பயன்படுத்துவார் என்று எதிர்பார்க்க முடியாது என உச்ச நீதிமன்றமே 2010-ல் ஒரு பஞ்சாப் வழக்கில் விளக்கியிருக்கிறது. 2012-ல் மதுரையில் மகளைக் காப்பாற்றுவதற்காகத் தாக்கி, கணவர் இறந்துபோன சம்பவத்தில், அது தற்காப்பு என்று சொல்லிக் காவல்துறை அந்தத் தாயை விடுவித்தது. ஆபத்து அவ்வளவு பெரியது, எதிர்ப்பும் அவ்வளவு பெரியது.

இதை வைத்து நம் பார்க்கிங்கைப் பாருங்கள். ஒரு அறை விழுந்தது. அடுத்த அறை வரப்போகிறதா? வரும் என்றால் பின்னால் நகரலாம், கையைப் பிடித்துத் தடுக்கலாம், செக்யூரிட்டியைக் கூப்பிடலாம். அடித்தவர் நிறுத்திவிட்டார் என்றால் தடுப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு விழும் அடி "நீ அடிச்சே, நான் அடிச்சேன்" என்ற கணக்குத் தீர்ப்பு. சட்டத்தின் முன் அது இன்னொரு குற்றம்தான், யார் அடித்தாலும்.

எனவே சமத்துவம் என்பது இரண்டு பேருக்கும் ஒரே கேள்வியைக் கேட்பது: இந்த அடி இல்லாவிட்டால் எனக்கோ இன்னொருவருக்கோ இப்போதே ஆபத்து உண்டா? கேள்வி ஒன்றாக இருந்தாலும் பதில் ஆளுக்கு ஆள் மாறும். எண்பது கிலோ ஆளுக்கு முன்னால் நாற்பத்தைந்து கிலோ பெண் நின்றால், அவர் அடிக்காமலே தப்பிக்கும் வழிகள் அதிகம், அவளுக்குக் குறைவு. அதே பெண் கையில் கத்தி இருந்தால் கணக்கு மாறும். வாட்டசாட்டமான மருமகளும் நடக்க முடியாத மாமனாரும் என்றாலும் மாறும். பள்ளியில் நான் பிள்ளைகளுக்குச் சொன்னதும் இதுதான். பெரியவன், பலசாலி யாரோ, முதலில் நிறுத்த வேண்டியது அவன். பையனா பொண்ணா என்பது அதற்கு அப்புறம்.

திருப்பி அடிக்காதவரைக் கோழை என்று நினைக்காதீர்கள். 2021-ல் லக்னோவில் நடுரோட்டில் ஒரு டாக்சி ஓட்டுநரை ஒரு பெண் திரும்பத் திரும்ப அறைந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் கை நீட்டவில்லை. பிறகு அந்தப் பெண் மீது வழக்குப் பதிவானது. அவர் ஒரே ஒரு அடி திருப்பி அடித்திருந்தால் பேச்சு அந்த அடியைப் பற்றியதாக மாறியிருக்கும். அடி வாங்கிய ஆண் புகார் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். "பொம்பளைகிட்ட அடி வாங்கினியா" என்று சிரிக்கும் நாம்தான் அவரை ஒன்று மௌனத்துக்கு, இல்லையென்றால் பழிவாங்கலுக்குத் தள்ளுகிறோம்.

ஒரு எச்சரிக்கை. பார்க்கிங்கில் விழுந்த ஒரு அறையையும், வருடக்கணக்காக வீட்டுக்குள் விழும் அடியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். வெளியே சண்டை போட்ட இருவரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். வீட்டுக்குள் அடி வாங்குபவருக்குப் போக இடம் இல்லை. பயம்தான் அங்கே பெரிய ஆயுதம். அப்படிப்பட்டவர் ஒருநாள் எதிர்த்துத் தள்ளினால் "ரெண்டு பேர் மேலயும் தப்பு" என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம். அதற்காகத்தான் 2005-ல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. அடிப்பது மாமியாராக இருந்தாலும் அந்தச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

கடைசியாக, நாம் செய்யக்கூடிய சில காரியங்கள். சங்க விதிகளில் "பெண்களிடம் கண்ணியமாக நடக்கவும்" என்ற வரி இருக்கிறது. அதை "யாரும் யார் மீதும் கை வைக்கக் கூடாது, குடியிருப்பாளர், செக்யூரிட்டி, வீட்டு வேலை செய்பவர், டெலிவரிக்கு வருபவர் அனைவருக்கும் இது பொருந்தும்" என்று மாற்றும்படி கேட்கிறேன். நம் செக்யூரிட்டி அண்ணன் மேல் யாராவது கை வைத்தால் குழுவில் இருநூறு மெசேஜ் வருமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். சிசிடிவி பதிவைக் குழுவில் போடுவதை நிறுத்துங்கள். அது கமிட்டிக்கும், தேவைப்பட்டால் போலீஸுக்கும் மட்டும் போகட்டும். திடலில் பையனுக்குச் சொல்வதைப் பெண் குழந்தைக்கும் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால் காலிங் பெல்லை அழுத்துங்கள். "கொஞ்சம் சர்க்கரை கிடைக்குமா" என்று கேட்டால்கூடப் போதும். 2008-ல் இந்தியாவில் ஒரு தொண்டு நிறுவனம் இதையே இயக்கமாக நடத்தியது. பயமாக இருந்தால் தனியாகப் போக வேண்டாம், இன்னொருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் 112. பெண்களுக்கான உதவி எண் 181. இரண்டு எண்களையும் ஒவ்வொரு பிளாக் லிஃப்ட்டிலும் ஒட்டச் சொல்லி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் உங்கள் லிஃப்ட்டில் இல்லையென்றால் அவரை விடாதீர்கள், வாயால் மட்டும்!