முதல் கிதார் வாங்குமுன்

(பங்கு இளைஞர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டில் பங்குத் தந்தை கிதார் வாங்குவதைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிலர் வியக்கலாம். காரணம் உண்டு. நாம் செய்த ஒரு தவற்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பாடகர் குழுவுக்கென ஒரு கிதார் வாங்கினோம். கறுப்பு வண்ணத்தையும் பளபளப்பையும் கண்டு நாமே தேர்ந்தோம். வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லவில்லை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் அதைக் கொடுத்தோம். மாலைதோறும் வந்து பழகினான். இரண்டு மாதத்தில் விரல் நுனிகளைக் காட்டி, "சாமி, கம்பியை அழுத்த முடியல" என்றான். "பொறுமை வேண்டும் தம்பி" என்று உபதேசம் செய்தோம். அவன் வருவதை நிறுத்திவிட்டான். இக்காலப் பிள்ளைகளுக்கு விடாமுயற்சி இல்லையென்று பிரசங்கத்திலும் சொன்னோம்.

ஓராண்டு கழிந்து, விருந்தினராக வந்த இசைக் கலைஞர் ஒருவர் அதை எடுத்துப் பார்த்தார். "சாமி, கழுத்து வளைந்திருக்கிறது. கம்பி இந்த உயரத்தில் நின்றால் எனக்கே விரல் வலிக்கும்" என்றார். குற்றம் பையனிடம் இல்லை. வாங்கிய நம்மிடம் இருந்தது. இப்போது திருப்பூரில் வேலை செய்யும் அவனிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை சாமி" என்றான். நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஆகவேதான் இந்தப் பேச்சு.

கிதார் ஆலயத்திற்கு அந்நியமானதன்று. 1818-ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவில், ஆஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ஃப் ஆலயத்தில், 'சைலண்ட் நைட்' என்று உலகமறிந்த பாடல் முதன்முதலாக கிதார் இசையோடுதான் பாடப்பட்டது. கிதார் மீட்டியவர் அவ்வாலயத்து உதவிப் பங்குக் குரு யோசேப்பு மோர். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வழிபாட்டுக்குத் தகுந்த பிற இசைக் கருவிகளுக்கும் வழி திறந்தது. நம் பழைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1982-இல் 'இளைய நிலா' பாடலில் கிதாரைத் தமிழர் வீடுதோறும் கொண்டு சேர்த்தார்.

இனி, கடைக்குப் போவோம். நம் தாய்மார்கள் சந்தையில் பானையைத் தட்டிப் பார்க்காமல் வாங்குவதுண்டோ? மானாமதுரைக் கடத்தையும் காதால்தான் தேர்கிறார்கள். கிதாரும் அப்படியே.

முதலாவது, கம்பி. நைலான் கம்பி விரலுக்கு மென்மையானது. சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது. எஃகுக் கம்பி ஓசை மிக்கது. பலர் பாடும்போது துணை நிற்கும். ஆனால் தொடக்கத்தில் விரல் வலிக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு முழு அளவுக் கிதார் வேண்டாம். முக்கால் அளவு போதும்.

இரண்டாவது, கம்பியின் உயரம். பன்னிரண்டாம் கட்டையில், தடித்த கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே ஏறக்குறைய 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கலாகாது. இந்த ஒன்றைப் பார்த்திருந்தால் அந்தப் பையனை இழந்திருக்கமாட்டோம்.

மூன்றாவது, கழுத்து. துப்பாக்கியால் குறிபார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடி நெடுக நோக்குங்கள். வளைவோ முறுக்கோ தெரிந்துவிடும்.

நான்காவது, சுருதி. கம்பியை வெறுமனே மீட்டுங்கள். பிறகு பன்னிரண்டாம் கட்டையில் அழுத்தி மீட்டுங்கள். அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிடில் எவ்வளவு சுருதி சேர்த்தாலும் பாட்டுப் பொருந்தாது. எல்லாக் கட்டைகளிலும் அழுத்தி, இரைச்சல் உண்டா என்றும் கேளுங்கள்.

மரத்தைப் பற்றி ஒரு சொல். மேல்பலகை முழு மரமாயிருந்தால் நாதம் செழிக்கும். ஆனால் வெப்பத்தாலும் ஈரப்பத மாற்றத்தாலும் வெடிக்கும் பயம் அதிகம். நம் மதுரையின் கோடை 40 டிகிரியைத் தொடும். ஆகவே முதல் கிதாருக்கு ஒட்டுப்பலகையே போதும், அதில் வெட்கமில்லை. எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையோடு இழுக்கின்றன. தகரக் கூரையின் கீழும், வெயிலில் நிற்கும் வண்டியிலும் வைத்தால் பசை இளகிப் பாலம் பெயர்ந்துவிடும்.

பணம்? 5,000 முதல் 10,000 ரூபாய்க்குள் நல்ல தொடக்கக் கிதார் கிடைக்கிறது. அதில் உறைக்கும் மாற்றுக் கம்பிக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். கடன் வாங்கி விலையுயர்ந்ததை வாங்கவேண்டாம். அற்ப விலைக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையின் விரலைப் புண்ணாக்கவும் வேண்டாம். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.

பெற்றோரே, பிள்ளை சலித்துக்கொண்டால் திட்டுமுன் கருவியைப் பாருங்கள். அந்தக் கறுப்புக் கிதாரைப் பழுதுபார்த்துப் பாடகர் அறையில் வைத்திருக்கிறோம். வாங்க நினைப்போர் ஒரு மாதம் இரவலாக எடுத்துப் பழகிப் பார்க்கலாம். முதலில் அதைக் கேட்டு வந்தவள் அந்தப் பையனின் தங்கை. வரும் ஜூபிலித் திருப்பலியில் அவள் மீட்டுவாள்; நாம் எல்லாரும் சேர்ந்து பாடுவோம்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.