கடல் விட்டுப்போன ஊர்



எங்களைக் காண வருகிறவர்கள், "இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்பார்கள். கடல் இருக்கிறது என்போம், சிரிப்பார்கள். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூர், அரியலூர் பகுதியில் கடல்தான் இருந்தது. காரை ஓடைகளில் சுருண்ட அம்மோனைட்டுகள் கல்லாய்க் கிடக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம். 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. அதற்கு வேலி உண்டு.

கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் உள்ள சிப்பிகளுக்கோ அந்தப் பாதுகாப்பு இல்லை. அவை வெட்டப்பட்டுச் சிமென்டாகின்றன. எங்கள் வீடுகளும் சிமென்டில் எழுந்தவைதான். சுரங்கத்தைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. ஆனாலும் உடைக்குமுன் நல்லதாகச் சிலவற்றை எடுத்துவைக்கலாமே. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. நீங்கள் வரும்போது அங்கே அழைத்துப் போகிறோம். காரையில் கிடைப்பதை மட்டும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.