தாலியும் பதிவேடும்: படிவத்தில் 'திருமணம்' என்னும் சொல்



நம் நாட்டில் பிள்ளையின் பிறப்பைப் பதியச் செல்வோரிடம் பெற்றோரின் திருமணச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. படிவம் மலாயில் உள்ளது. 'பெர்காவினான்' என்று அதில் உள்ளதைத் துணைக்கு வந்தவர் 'கல்யாணம்' என்று சொல்கிறார். "கோயிலில் முறையாக நடந்தது" என்று தந்தை விடையளிக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. சட்டம் கேட்டது மட்டும் வேறொன்று.

1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த முசுலிம் அல்லாதார் திருமணங்களை, அவை செல்லத்தக்கனவாக இருப்பின், பதியப்பட்டனவாகவே அச்சட்டம் கொள்கிறது. அந்நாளுக்குப் பின், சட்டம் வகுத்த முறையில் பதிவாளர் முன் நடவாத மணம் மணமாகாது. சில கோயில்களில் உதவிப் பதிவாளர்கள் இருப்பது இதனால்தான்.

இந்தப் பிரிக்பீல்ட்சில் இரயில்வே வேலையை நாடி யாழ்ப்பாணத்தாரும் தமிழகத்தாரும் அருகருகே குடியேறினர். சொற்களையும் உடன் கொணர்ந்தனர். யாழ்ப்பாணத்தார் 'கலியாண எழுத்து' என்பர். சடங்கு வேறு, எழுத்து வேறு என்பது அச்சொல்லிலேயே தெரிகிறது. தமிழக ஆட்சித்தமிழ் 'திருமணப் பதிவு' என்கிறது. இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் மணத்தை ஆக்குவது சடங்கு. 1967இல் தமிழகம் செய்த திருத்தம் சுயமரியாதைத் திருமணத்தையும் அதனோடு சேர்த்தது. பதிவு, நடந்துவிட்ட மணத்திற்குச் சான்று மட்டுமே. எனவே அங்கிருந்து வந்த 'திருமணப் பதிவு' என்ற தொடர், முன்னரே முடிந்த ஒன்றைப் பிறகு ஏட்டில் குறிப்பதாகவே நம் செவியில் ஒலிக்கிறது. 'அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒத்திப்போடுவோர் சோம்பலால் மட்டும் அவ்வாறு செய்வதில்லை. சொல்லும் அவர்களை அப்படி நினைக்க வைக்கிறது.

இதன் விளைவைப் பிள்ளை சுமக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, மூன்றாம் பகுதி, 17ஆம் பிரிவின்படி, சட்டம் ஏற்காத உறவில் பிறந்த பிள்ளைக்குப் 'பெற்றோர்' என்பது தாயை மட்டுமே குறிக்கும். தந்தை மலேசியர், தாய் வெளிநாட்டவர், மணமோ பதியப்படவில்லை என்றால், பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்காநெகாரா', அதாவது குடிமகன் அல்லர், என்று அச்சாகிவிடும்.

இங்கே நம் வினைச்சொற்கள் நம்மைக் கைவிடுகின்றன. 'குடியுரிமை பெறுதல்' என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்கிறோம். சட்டத்தின் இயக்கத்தாலேயே ஒருவர் குடிமகன் ஆகிறார். அவர் மெய்ப்பிக்க வேண்டும், அவ்வளவே. மற்றொருவர் பதிவின் வழி குடிமகன் ஆக்கப்படுகிறார். அவர் வேண்டி நிற்க வேண்டும். மேலே சொன்ன பிள்ளை முதல் நிலையை இழந்து இரண்டாவதில் நிற்கிறது. 15அ விதி, சிறப்புச் சூழல்களில் அரசு அத்தகையோரைப் பதிவு செய்யலாம் என்கிறது. அந்த 'லாம்' அரசின் விருப்புரிமையைக் குறிப்பது. விண்ணப்பதாரரோ 'கிடைத்துவிடும்' என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார். 'பதிவு செய்யும் அதிகாரம் அரசுக்கு உண்டு, செய்தே ஆகவேண்டும் என்ற கடப்பாடு இல்லை' என்று நீட்டிச் சொன்னால் சொற்கள் கூடும், கூடட்டும்.

இன்னொரு தொடர் என்னை நெடுநாள் உறுத்தியது. மலாயில் 'அனாக் தாக் சா தாராஃப்' என்பர்: சட்டத் தகுதி கூடாத பிள்ளை என்பது பொருள். அதிலும் வடு உண்டு; எனினும் குறை தகுதியைப் பற்றியது. தமிழில் நாம் 'முறைதவறிப் பிறந்த பிள்ளை' என்கிறோம். பழி ஒழுக்கத்தின் மேல் விழுகிறது. ஊரறியத் தாலி கட்டிக்கொண்ட பெண்ணிடம் இச்சொல்லை மொழிபெயர்ப்பாகச் சொல்ல யாருக்கு நா எழும்? எழாமையால் பலர் அந்த வரியை விளக்காமலே கையெழுத்து வாங்கிவிடுகின்றனர். 'பதிவுக்குப் புறம்பே பிறந்த பிள்ளை' என்பதை நான் முன்வைக்கிறேன். சட்டப் பொருள் குன்றாது. கேட்பவரும் தலைகுனிய வேண்டியதில்லை.

படிவம் நிரப்ப உதவும் மாணவர்கள் 'கல்யாணம் ஆயிற்றா?' என்று கேட்க வேண்டா. 'பதிவாளர் முன் இருவரும் கையொப்பமிட்டது எந்நாள்?' என்று கேளுங்கள். விடை இல்லையென்றால், பிள்ளை பிறக்குமுன் வந்தவரிடம் அதை உடனே சொல்லிவிடுங்கள்.