சிறிய பதிப்பகம், பல வாசல்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்து, "பத்து நிமிஷம் பேசணும்பா. பம்பு, வால்வுன்னு ஆரம்பிச்சிடாதே, சாப்பாட்டுக்கு முன்னாடியே எல்லாரும் தூங்கிடுவாங்க" என்றார். அவர் சொல்லைத் தட்டாமல் இன்று புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறேன். இதற்கும் தூக்கம் வந்தால் பழி அவரைச் சேரட்டும்.

நான் 2005-ல் இங்கே சேர்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. முதல் வருஷம் வைவாவில் கேள்வி புரியும், பதில் தெரியும், வாய் மட்டும் திறக்காது. அந்த வெட்கத்தில் மாலை நேரங்களில் நூலகத்துக்குப் போய் ஒளிந்துகொள்வேன். கடைசி வரிசையில் ஒரு பழைய இரும்பு அலமாரி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அதில்தான் தமிழ்ப் புத்தகங்கள். யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்துவிட்டுப் போனவை. அவற்றில் சில மட்டும் அட்டை, தாள், அச்சு எல்லாவற்றிலும் தனியாகத் தெரிந்தன. திருப்பிப் பார்த்தால் 'க்ரியா' என்று போட்டிருந்தது.

எஸ். ராமகிருஷ்ணன் 1974-ல் சென்னையில் தொடங்கிய பதிப்பகம் அது. கல்லூரிப் பாடநூல் போட்டிருந்தாலோ, சோதிடம் போட்டிருந்தாலோ நன்றாகச் சம்பாதித்திருக்கலாம். அவர் போட்டது சி. மணியின் கவிதைகள், ந. முத்துசாமியின் நாடகம். அன்றைக்கு இவற்றை யார் வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு வந்தவர்களையும் பாருங்கள். நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்திக்கொண்டே எழுதிய சுந்தர ராமசாமி, அவருடைய 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981-ல் வந்தது. வாழ்நாள் முழுவதும் இருபத்தைந்து கதைகள்கூட எழுதாத மௌனி. குஜராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டு, தமிழில் கதை எழுதிய திலீப்குமார். ஆங்கிலம் கற்பித்த சி. மணி, சீனத்து 'தாவோ தே ஜிங்'கையும் தமிழாக்கினார். இவர்களை ஒரே அறையில் உட்காரவைத்தால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஒப்புக்கொள்வாரா என்பதே சந்தேகம். ஆனால் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. அல்ஜீரியாவில் பிறந்த ஆல்பெர் காம்யுவின் 'அந்நிய'னை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 'குட்டி இளவரசன்' அவரும் ச. மதனகல்யாணியும் சேர்ந்து செய்தது. அதை எழுதிய செந்த் எக்சுபெரி ஒரு விமானி. காஃப்காவின் 'விசாரணை'யை ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து மொழிபெயர்த்தார். நம் துறைக்காரர்களுக்கு ஒரு செய்தி: காஃப்கா பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மரம் இழைக்கும் இயந்திரத்தில் தொழிலாளியின் விரல் போகாமல் இருக்கத் தண்டு எப்படி அமைய வேண்டும் என்று படம் போட்டு அறிக்கை எழுதியிருக்கிறார். ஒர்க்‌ஷாப் பாதுகாப்பு வகுப்பில் தூங்கிய நாம் வெட்கப்பட வேண்டிய விஷயம்!

இத்தனை இலக்கியத்துக்கு நடுவில் 'டாக்டர் இல்லாத இடத்தில்' என்றும் ஒரு புத்தகம். மெக்சிகோ மலைக் கிராமங்களில் வேலை செய்த டேவிட் வெர்னர், மருத்துவர் எட்டாத மக்களுக்காகப் படங்களோடு எழுதியது.

இவ்வளவு வேறுபட்டவர்களை ஒரு சிறிய பதிப்பகம் எப்படிச் சேர்த்தது? நான் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்ப்பவன், எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். பெரிய ஆலையில் ஒரே அளவில் லட்சம் உருப்படி வெட்டுவார்கள். சிறிய பட்டறையில் ஒவ்வொரு உருப்படியையும் கையில் எடுத்துப் பார்க்க முடியும். ராமகிருஷ்ணன் எழுத்தாளரோடு உட்கார்ந்து கைப்பிரதியை வரி வரியாகப் பார்ப்பார். இந்தச் சொல் ஏன், இந்த வாக்கியம் ஏன் என்று கேட்பார். அது எழுத்தாளரின் குரலை மழுங்கடிக்கிற வேலையாக இருக்கவில்லை. விருத்தாசலம் பக்கத்துப் பேச்சு அந்த மண்ணோடே அச்சில் வந்தது. அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அந்த அலமாரியில் இருந்து இரண்டாம் வருஷம் நான் எடுத்தது இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', 1994-ல் வந்த நாவல். அப்போது அவர் முப்பது வயது இளைஞர். காலனி மக்களுக்குத் துணி வெளுத்து, பிரசவம் பார்த்து, சாவுக்குச் சடங்கு செய்து, ராத்திரியில் வீடு வீடாகச் சோறு வாங்கிப் பிழைக்கும் ஆரோக்கியம் என்கிற பெண்ணின் கதை.

நானும் காலனியில் பிறந்தவன். இதை நான் இந்தக் கல்லூரியில் நான்கு வருஷமும் யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன். புத்தகத்தைப் படித்தபோது முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நம்மை மிதிக்கிறவர்களை விட்டுவிட்டு நம்மையே ஏன் இப்படிக் காட்டுகிறார் என்று. வந்த காலத்தில் தலித் விமர்சகர்கள் சிலரும் இந்த நாவலைக் கடுமையாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்று ராத்திரி ஹாஸ்டலில் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டு வாசலுக்கும் ஒரு அம்மா குண்டான் எடுத்துக்கொண்டு வருவார். என் ஆயா வயது. ஐந்து வயதுப் பொடியன் நான் அவரைப் பேர் சொல்லி, "ஏய், இந்தா" என்று கூப்பிடுவேன். அவர் என்னை "சாமி" என்பார். ஊர்த்தெருவில் என் அப்பாவை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். அதே நான் எங்கள் வாசலில் நின்று அதையே செய்திருக்கிறேன். பத்தொன்பது வயது வரைக்கும் அது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். சாயங்காலம் அவர் வந்து நின்றார். "ஆயா, உள்ள வந்து உக்காருங்க" என்றேன். அவர் பயந்துபோய் என் அம்மாவைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "படிக்கப் போன எடத்துல புள்ளைக்கி என்னமோ ஆயிப்போச்சும்மா" என்று சொல்லிவிட்டு, சோற்றை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து தெருவில் நிற்கவைத்து ஊற்றாமல், திண்ணையில் தட்டு வைத்துக் கொடுத்தார். அந்த ஆயா 2011-ல் இறந்துபோனார். கடைசி வரை எங்கள் வீட்டுக்குள் வரவே இல்லை.

ஒரு புத்தகம் செய்தது அவ்வளவுதான். ஒரு தட்டு. நான் பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தட்டை வேறு எந்தப் பாடமும் எனக்குக் காட்டவில்லை.

இமையம் தொடர்ந்து எழுதினார். அதே பதிப்பகம் 2018-ல் வெளியிட்ட 'செல்லாத பண'த்துக்கு, 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

க்ரியாவின் பெரிய காரியம் அதன் அகராதி. 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' 1992-ல் வந்தது. இன்று மக்கள் எழுதுகிற, பேசுகிற தமிழிலிருந்து பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றையும் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று வாக்கியத்தோடு காட்டியது. முனைவர் பா. ரா. சுப்பிரமணியன் தலைமை ஆசிரியர். 2008-ல் விரிந்த பதிப்பில் இலங்கைத் தமிழ்ச் சொற்களும் இடம்பெற்றன. மூன்றாவது பதிப்பு 2020 நவம்பரில் வந்தது. அப்போது ராமகிருஷ்ணன் கொரோனாவால் மருத்துவமனையில் இருந்தார். அதே மாதம் 17-ஆம் தேதி காலமானார்.

குறையும் சொல்ல வேண்டும் அல்லவா? என்னிடம் இருக்கும் க்ரியா புத்தகங்களை இந்த உரைக்காக எடுத்து அடுக்கிப் பார்த்தேன். பெண்கள் எழுதியவை மிகக் குறைவு. பல வாசல் உள்ள வீட்டிலும் சில வாசல் சிறிதாக இருந்திருக்கிறது. அதைப் பெரிதாக்குவது அடுத்து வருகிறவர்களின் பொறுப்பு. தங்கைகளே, உங்களில் யாராவது எழுதுங்கள்; யாராவது பதிப்பகமும் தொடங்குங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நேற்று நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். அந்த இரும்பு அலமாரியைக் காணோம். கேட்டால், கணினி மேசை போட இடம் வேண்டுமென்று புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் வைத்திருக்கிறார்களாம். எங்கள் செட்டில் பேசி முடித்துவிட்டோம்: புது அலமாரி நாங்கள் வாங்கித் தருகிறோம். முதல்வர் ஐயா இடம் மட்டும் ஒதுக்கிக் கொடுத்தால் போதும். மற்ற செட்டுக்காரர்கள் அடுத்த வருஷம் வரும்போது ஆளுக்கு ஒரு தமிழ்ப் புத்தகம் கொண்டுவாருங்கள். சின்னப் பதிப்பகத்துப் புத்தகமாக, விலை கொடுத்து வாங்கியதாக இருக்கட்டும். விற்காத புத்தகத்தை நம்பி ஒருவர் எத்தனை வருஷம் பதிப்பகம் நடத்த முடியும்?

வைவாவில் வாய் திறக்காத பையன் யாராவது இப்போதும் நூலகத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பான். அவன் கை எட்டும் உயரத்தில் அந்தப் புத்தகங்கள் இருக்கட்டும்.

 சாப்பாடு தயார் என்று அண்ணன் சைகை காட்டுகிறார்.

(உரையாளர் 2009-ல் இயந்திரவியல் துறையில் பட்டம் பெற்றவர்.)