கெஜட்டியரும் ஒரு கோழியும்



ஷெர்லாக் ஹோம்ஸ் எழுந்துபோய் அலமாரியிலிருந்து தடிமனான ஒரு கெஜட்டியரை எடுக்கிறார். புதிதாக வந்துகொண்டிருக்கும் தொகுதி, இதைவிட நம்பகமானது வேறில்லை என்று வாட்சனிடம் சொல்லிவிட்டு, அந்தமான் தீவுகள் என்ற பக்கத்தைப் படிக்கிறார். அங்கே வாழ்பவர்கள் நாலடிக்கும் குறைவான உயரம், பெரிய தலை, மனித மாமிசம் தின்கிறவர்கள். 1890ல் ஆர்தர் கானன் டாயில் வெளியிட்ட 'த சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் வரும் காட்சி இது. பிறகு தேம்ஸ் நதியில் நடக்கும் படகுத் துரத்தலில், டோங்கா என்ற அந்தமான்காரன் ஊதுகுழலில் விஷமுள்ளை வைத்து ஊதுகிறான்.

நம் அந்தமான் பூர்வகுடிகளிடம் ஊதுகுழல் இருந்ததில்லை. அம்பில் விஷம் தடவும் வழக்கமும் கிடையாது. வில்தான் அவர்கள் ஆயுதம். இதையெல்லாம் நாவல் எழுதப்பட்ட 1889ல் லண்டனில் உட்கார்ந்தே தெரிந்துகொண்டிருக்கலாம். இங்கே அந்தமானில் அதிகாரியாக இருந்து, மக்களின் மொழியைக் கற்று, பல ஆண்டுகள் அவர்களோடு பழகிய இ. எச். மேன் எழுதிய புத்தகம் 1885லேயே லண்டனில் அச்சாகிவிட்டது. அவர் அளந்து சொன்ன ஆண்களின் சராசரி உயரம் நாலடி பத்தங்குலத்துக்குச் சற்று மேல். நரமாமிசக் கதையையும் அவர் மறுத்திருந்தார்.

டாயில் விவரம் தேடாமல் எழுதியவர் என்று நான் சொல்லமாட்டேன். அதே நாவலில் ஜொனாதன் ஸ்மால் என்ற ஆங்கிலேயக் கைதி தன் அந்தமான் நாட்களைச் சொல்லும் பகுதியைப் படித்துப் பாருங்கள். மவுண்ட் ஹாரியட் சரிவில் ஹோப் டவுன், விடாத காய்ச்சல், பள்ளம் தோண்டுவது, கிழங்கு நடுவது. அங்கே மண் வாசனை வருகிறது. ஸ்மாலுக்கு ஒரு வாயும் ஒரு வாழ்க்கையும் கிடைத்தன. டோங்காவுக்குக் கெஜட்டியரின் ஒரு பத்திதான் கிடைத்தது. அந்தப் பத்தியை யார் எழுதினார்கள், எங்கிருந்து பார்த்து எழுதினார்கள் என்று நாவலாசிரியர் கேட்கவில்லை. நாவல் இன்றும் உலகமெங்கும் விற்கிறது. 1901 கணக்கெடுப்பில் 625 பேராக இருந்த கிரேட் அந்தமானியர் என்ற பூர்வகுடியினர் 1961ல் 19 பேர். மறுத்துச் சொல்ல அநேகமாக ஆளில்லாமல் போன மக்களைப் பற்றி ஒரு பொய் இத்தனை காலம் உயிரோடு இருப்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நாவலுக்காக ஓர் உலகத்தை எழுப்புவது என்றால் தகவல் சேர்ப்பதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்தத் தீவுகளைப் பொறுத்தவரை தகவலுக்குப் பஞ்சமில்லை. 1858ல் கைதிக் குடியேற்றம் தொடங்கிய நாளிலிருந்து அறிக்கைகள் குவிந்து கிடக்கின்றன. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் காய்ச்சலில் செத்தார்கள், ஒரு நாளைக்குச் செக்கில் எத்தனை பவுண்டு எண்ணெய் ஆட்ட வேண்டும். ஆனால் பெரும்பாலும் சாவி வைத்திருந்தவர்கள் எழுதிய தாள்கள் அவை. உள்ளே இருந்தவனின் தூக்கம் எப்படிக் கெட்டது என்பது அவற்றில் இராது. அதைத் தாளிலிருந்து கறந்தெடுக்கத் தெரிந்தவரைத்தான் நான் நல்ல நாவலாசிரியர் என்பேன்.

செல்லுலர் ஜெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1896ல் கட்டத் தொடங்கி 1906ல் முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து விரியும் ஏழு வரிசைகள்; இன்று மூன்றுதான் மிச்சம். இதெல்லாம் பலகையிலேயே எழுதியிருக்கிறது. ஒருநாள் ஓர் அறைக்குள் போய்க் கதவுப் பக்கம் திரும்பி நின்றேன். எதிரே தெரிந்தது அடுத்த வரிசையின் முதுகு. ஒருவன் முகத்தை இன்னொருவன் பார்த்துவிடக் கூடாது என்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். கண்ணுக்கு வேலை இல்லாத அந்த இடத்தில் காதுதான் எல்லாம். இங்கே ஓர் அத்தியாயம் எழுதுகிறவர் சுவரின் நிறத்தை வர்ணித்துக்கொண்டிருந்தால், சிறையின் வரைபடத்தை அவர் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

பாகிஸ்தான் எழுத்தாளர் உஸ்மா அஸ்லம் கான் 2019ல் வெளியிட்ட 'த மிராகுலஸ் ட்ரூ ஹிஸ்டரி ஆஃப் நோமி அலி' இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த நாவல். 1942 மார்ச் 23ல் ஜப்பானியப் படை போர்ட் பிளேயரில் இறங்கியது. கோழி பிடிக்க வீடுகளுக்குள் நுழைந்த சிப்பாய்களைப் பார்த்து ஜுல்ஃபிகார் அலி என்ற இளைஞர் ஏர்கன்னால் சுட்டார். யாருக்கும் காயமில்லை. ஆனாலும் ஊர் பார்க்க அவரைக் கொன்றார்கள். ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றிய வரலாறுகள் இதை நாலு வரியில் சொல்லிவிட்டு அடுத்த தேதிக்குப் போய்விடும். நாவலாசிரியர் அந்த நாலு வரியில் நிற்கிறார். அந்தக் கோழி யாருடையது என்று கேட்கிறார். அது ஒரு சிறுமியின் செல்லக் கோழி ஆகிறது, சிறுமி அந்தப் பையனின் தங்கை ஆகிறாள், தகப்பன் தண்டனை பெற்று இங்கே வந்தவன், பிள்ளைகள் நாம் லோக்கல் பார்ன் என்கிறோமே அந்தத் தலைமுறை. ஒரு கோழியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் வீடு தெரிகிறது, முற்றம் தெரிகிறது, கடல் வழியே வந்த புது எஜமானர்கள் தெரிகிறார்கள்.

தகவல் அதிகமாகத் தெரிந்தவருக்கு வேறு சங்கடம். பங்கஜ் சேக்சாரியா பல ஆண்டுகளாக இந்தத் தீவுகளின் காட்டையும் ஜாரவா மக்களின் நிலையையும் பற்றி எழுதி வருபவர். 2014ல் அவர் எழுதிய 'த லாஸ்ட் வேவ்' நாவலில் சில பக்கங்கள் கட்டுரையாகவே நகர்கின்றன. ஆனால் கரேன் சமூகத்துப் படகோட்டி ஒருவர் ஓடைக்குள் படகை விடும்போது, கட்டுரை மறைந்து சதுப்பு மரங்களின் வாடை வருகிறது. ஆசிரியர் அந்தப் படகுகளில் உட்கார்ந்தவர் என்பது அங்கே புரியும்.

தமிழ் வாசகர்கள் பலர் நம் பக்கத்துத் தீவுகளுக்கு முதலில் போனது சாண்டில்யனின் 'கடல் புறா'வில்தான். நானும் பள்ளி நாட்களில் அப்படித்தான் மாநக்கவாரம், அதாவது நிக்கோபார், போனேன். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி தருவது அந்தப் பெயரையும் தேன் சோலை என்ற ஓர் அடைமொழியையும்தான். மற்றதெல்லாம் கற்பனை. அந்தக் கற்பனையின் வேகம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் நிக்கோபார் மக்களின் வாழ்க்கைக்குள் அந்த வேகம் போகவில்லை என்ற குறையும் எனக்கு உண்டு. சௌராத் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள தீவுகளுக்கெல்லாம் சட்டிபானை செய்து கொடுத்தவர்கள் சௌராக்காரர்கள், அதிலும் பெண்கள். வேறு தீவார் பானை வனையக் கூடாது என்பது அன்றைய கட்டுப்பாடு. ஆனால் சௌராவில் களிமண்ணே கிடையாது. தெரசாத் தீவிலிருந்து படகில் கொண்டுவர வேண்டியிருந்தது. மண் இருக்கிற தீவு பானை செய்யக் கூடாது, மண் இல்லாத தீவுதான் செய்ய வேண்டும். ஒரு நாவலுக்கு வேண்டிய அதிகாரமும் அச்சமும் பேரமும் அந்த ஒரு பானைக்குள் இருக்கின்றன.

சின்ன விஷயங்களிலும் கவனம் வேண்டும். மெயின்லேண்டிலிருந்து எழுதுகிறவர்கள் மாலை ஆறரை மணி வெயிலில் காதலர்களைப் படகுத்துறையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். இங்கே ஆண்டு முழுவதும் ஆறு மணிக்குள் சூரியன் போய்விடும், டிசம்பரில் ஐந்து மணிக்கே. ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். ராஸ் தீவு 2018ல் வேறு பெயர் பெற்றது, மவுண்ட் ஹாரியட் 2021ல், போர்ட் பிளேயர் 2024ல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. 1970ல் நடக்கும் கதையில் பாத்திரத்தின் வாயில் எந்தப் பெயர் வரும் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் தீவு ஹிந்தி என்று வாக்கியத்தின் பாதியில் தாண்டும் நம் பிள்ளைகளின் பேச்சையும் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

இப்படிக் காது கொடுக்க வேண்டிய கதை ஒன்று கச்சாலில் இருக்கிறது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களில் சில கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தன. 2004 சுனாமி கச்சாலை எப்படி அடித்தது என்று இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குடும்பங்களைப் பற்றிய கோப்புகள் அலுவலகங்களில் இருக்கும். ஆனால் கப்பலில் ஏறும்போது எந்தப் பாத்திரத்தைக் கொண்டுவந்தார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள்? கரைக்கு இறங்கிய அன்று யார் சோறு போட்டார்கள்? பால் வெட்ட விடியலில் கிளம்பும்போது கையில் இருந்த விளக்கு எப்படிப்பட்டது? கச்சாலில் வளர்ந்த பாட்டி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து அந்த விளக்கிலிருந்து கேட்கத் தொடங்குங்கள்.