ஈறு நோயும் துணை மருந்துகளும்



பல் வலித்தால் எவரும் மருத்துவரைத் தேடிச் செல்வர். ஈறு நோயோ பெரும்பாலும் வலியின்றியே வளர்கிறது. துலக்கும்போது கசியும் குருதி, வாய் நாற்றம், ஈறு கீழிறங்கிப் பல் நீண்டதுபோன்ற தோற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். பல் ஆடத் தொடங்கிய பின்னரே பலர் விழித்துக்கொள்கின்றனர். அப்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதற்கு மாத்திரை இல்லையா? கொப்புளித்தால் போதாதா?" என்பதே.

விடை காண, நோய் எங்கே குடிகொண்டுள்ளது என்பதை அறிதல் வேண்டும். பல்லின்மீது படியும் மெல்லிய படலம் வெறும் உணவுத் துகள் அன்று. நுண்ணுயிர்கள் தாமே சுரந்த பசைக்குள் கூடி வாழும் குடியிருப்பு அது. 1965ஆம் ஆண்டில் ஹரால்டு லோ என்னும் அறிஞரும் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நலமான ஈறுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கியதும் அது நீங்கியது.

அப்படலம் நீக்கப்படாமல் இறுகினால் காரையாகிறது. அழற்சி முற்றினால் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே பை போன்ற பள்ளம் ஆழ்ந்து, பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. நான்கு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பள்ளத்தின் அடியைப் பல்துலக்கி எட்டாது. மருத்துவர் கருவி கொண்டு வேரின் மேற்பரப்பிலுள்ள காரையையும் படலத்தையும் நீக்குவதே அடிப்படைச் சிகிச்சை.

மருந்து மட்டும் ஏன் போதாது? பசைக்குள் வாழும் நுண்ணுயிர்களை மருந்து எளிதில் ஊடுருவாது. கொப்புளிக்கும் நீரோ பள்ளத்தின் வாயிலோடு நின்றுவிடுகிறது. உள்ளே சென்ற சிறிதளவையும் ஈறிலிருந்து இடைவிடாது ஊறும் நீர் வெளியேற்றிவிடுகிறது. ஆகவே, முதலில் குடியிருப்பைக் கலைத்தல் வேண்டும். அதன் பின்னரே மருந்துக்கு வேலை.

துணை மருந்துகளுள் முதன்மையானது குளோர்ஹெக்சிடின். பல்லிலும் வாயின் உட்தோலிலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் செயலாற்றுவது இதன் சிறப்பு. நெடுநாள் கொப்புளித்தால் பற்களில் பழுப்புக் கறை படியும், சுவையுணர்வும் மாறும். எனவே, மருத்துவர் குறித்த நாட்களுக்கு மட்டுமே பயன்படுத்துதல் நன்று. இதே மருந்து 2.5 மில்லிகிராம் கொண்ட சிறு சில்லாகவும் கிடைக்கிறது. வேரைத் தூய்மை செய்தபின் பள்ளத்தில் வைத்தால், ஒரு வாரத்திற்கும் மேலாகச் சிறிது சிறிதாக மருந்தை வெளியிட்டுத் தானே கரைந்துவிடும். டாக்சிசைக்ளின் களிம்பும் மினோசைக்ளின் நுண்துகள்களும் இவ்வகையினவே.

இவற்றால் விளையும் பயன் எவ்வளவு? அமெரிக்கப் பல்மருத்துவச் சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, வேர்த் தூய்மையால் மட்டும் பற்பிடிப்பு சராசரியாக அரை மில்லிமீட்டர் மீள்கிறது. சில்லைச் சேர்த்தால் மேலும் 0.4 மில்லிமீட்டர் அளவு கூடக்கூடும். பயன் உண்டு, ஆயினும் அது துணையே.

அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் போன்ற மாத்திரைகளை ஒவ்வொருவருக்கும் வழங்குதல் கூடாதென ஐரோப்பிய ஈறுநோய் மருத்துவக் கூட்டமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. தேவையின்றி உட்கொண்டால் நுண்ணுயிர்கள் மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெறும். உயிர்காக்க வேண்டிய நாளில் அம்மருந்து பயனற்றுப் போகும். மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கி உண்பது எவ்வகையிலும் தகாது.

புலாலும் மதுவும் விலக்கிய இல்லத்தார் மற்றொன்றையும் கருதுதல் வேண்டும். அச்சில்லின் ஒரு வகை விலங்கிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனது. மீன் கொலாஜனால் ஆனதும் உண்டு. கேப்சூல் உறைகள் பலவும் ஜெலட்டினே. கொப்புளிக்கும் மருந்துகள் சிலவற்றில் ஆல்கஹால் கலந்துள்ளது. அது கலவாதவையும் கிடைக்கின்றன. சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் இதைத் தெரிவித்தால், அவர் மாற்று வழி கூறுவார். வேர்த் தூய்மைக்கு இவ்வகைப் பொருள் எதுவும் தேவையில்லை என்பது மனநிறைவு தரும் செய்தி.

சிகிச்சைக்குப் பின் மூன்று மாதங்களுக்கொருமுறை, அல்லது மருத்துவர் குறிக்கும் கால இடைவெளியில், பரிசோதனைக்குச் செல்க. நாள்தோறும் இருவேளை துலக்குக. பல்லிடுக்குகளையும் தூய்மை செய்க. நீரிழிவு உள்ளோர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க. புகையிலையை அறவே விடுக. மருந்து சில நாட்களே துணை நிற்கும். எஞ்சிய நாட்களெல்லாம் பல்லைக் காப்பது அவரவர் கையே.

அனைவரும் நலமுடன் வாழ்க!