பேனரில் எழுதாத தள்ளுபடி
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குக் கடன் வசூல் பற்றிப் பேசப் போவதில்லை. மிக்ஸி, பேன், பிரிட்ஜ், போன் வாங்குவது பற்றிப் பேசப் போகிறோம். "இது என்னங்க குழுவுல பேசுற விஷயமா?" என்று நினைக்க வேண்டாம். உள்கடன் கேட்டு வரும் தீர்மானங்களில் இப்போது வீட்டுச் சாமான் நிறைய வருகிறது. 2011-ல் தொடங்கி அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸியும் மின்விசிறியும் பல வீடுகளில் ஓய்ந்து போய்விட்டன. புதுசு வாங்கத்தான் வேண்டும். சேமிப்புப் பணம் போகிற இடம் என்பதால் அது எப்படிப் போகிறது என்று பார்ப்பது நம் வேலை.

டவுனில் பெரிய கடை வாசலில் "60 சதவீதம் தள்ளுபடி" என்று பேனர் கட்டியிருப்பார்கள். அது எந்த விலையில் 60 சதவீதம்? பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி.யில். எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்கிற உச்ச விலைதான். மிக்ஸியையும் டிவியையும் அந்த விலைக்கு விற்கிற கடை அபூர்வம். எம்.ஆர்.பி. 6,000 ரூபாய் போட்ட மிக்ஸி பக்கத்துக் கடையில் எப்போதும் 2,800-க்குக் கிடைக்கிறது என்றால், இங்கே 2,700-க்குத் தருவது நூறு ரூபாய் தள்ளுபடிதான். ஆகவே முதலில் இரண்டு கடையில் விலை கேட்டு, மாடல் நம்பரோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாடல் நம்பர் இல்லாமல் விலையை ஒப்பிட முடியாது. ஒரே கம்பெனி, ஒரே நிறம், உள்ளே மோட்டார் வேறாக இருக்கும்.

நிஜமான தள்ளுபடி வேறு இடத்தில் இருக்கிறது, அதற்குப் பேனர் கிடையாது. ஷோரூமில் பார்வைக்கு வைத்த டிஸ்பிளே பீஸ், மாடல் நின்றுபோய் மிஞ்சிய ஒற்றைப் பீஸ், வண்டியில் வரும்போது நெளிந்த பீஸ், பெட்டி கிழிந்த பீஸ், இவையெல்லாம் மாடிப்படிக்குக் கீழேயோ குடோனிலோ இருக்கும். கடைக்காரருக்கு அது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் சரக்கு. நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்: "டிஸ்பிளே பீஸ், பழைய மாடல் ஏதும் இருக்குதா? கடைசி விலை என்ன?" கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எப்போது கேட்பது? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் யாரும் நின்று பேச மாட்டார்கள். வாரநாளில் மதியம் போங்கள். மாதக் கடைசியில் விற்பனை இலக்கு முடிக்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு இருக்கும். மார்ச் கடைசியில் வருடக் கணக்கு முடிப்பார்கள். கோடை முடிந்ததும் விற்காமல் நின்ற ஏர்கூலரும் பேனும் ஆடியில் இறங்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் கூட்டம் அலைமோதும்போது பேரம் பேச இடமில்லை, மிச்சச் சரக்குக்குத் தீபாவளி முடிந்து போவதே மேல்.

எல்லா டிஸ்பிளே பீஸும் ஒன்றல்ல. எங்கள் கணக்கில் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும்தான் நல்ல டிஸ்பிளே பீஸ். பெரும்பாலும் கரண்ட் கொடுக்காமல் சும்மா நிற்கும், கதவைத் திறந்து மூடியிருப்பார்கள், அவ்வளவுதான். பக்கவாட்டில் நெளிசல் இருந்தால் அந்தப் பக்கத்தைச் சுவரோரம் தள்ளி வைத்துவிடலாம். பின்பக்கம் குழாய் போகிற இடத்தில் அடிபட்டிருந்தால் மட்டும் தொடாதீர்கள். கதவு ரப்பரைப் பார்க்க ஒரு வழி உண்டு. பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் குளிர்ச்சி வெளியே போகும், கரண்ட் பில் ஏறும். நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள்.

டிவி கதை வேறு. கடை திறந்ததிலிருந்து பூட்டும் வரை ஓடியது அது. வெள்ளைப் படம் போடச் சொல்லி, கறை, கோடு, நிழல் தெரிகிறதா என்று பாருங்கள். ரிமோட், ஸ்டாண்டு எல்லாம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். விலை நல்லா இறங்கினால் ஒழிய டிஸ்பிளே டிவி வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். மிக்ஸி என்றால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கருகல் வாடை வந்தால் வைத்துவிடுங்கள். ஜார் எல்லாம் அதே மாடலுக்கு உரியதா என்று மாட்டிப் பாருங்கள்.

மலிவு விலை பேனில் ஒரு மறைசெலவு உண்டு. பழைய வகைச் சீலிங் பேன் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்கிற புது வகை 30 வாட் அளவில் ஓடும். தினம் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 13 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம். பி.எல்.டி.சி. விலை கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் ராப்பகலாக ஓடுகிற வீட்டுக்கு, தள்ளுபடியில் கிடைத்த பழைய வகை பேன் லாபம் இல்லை. சீலிங் பேனுக்கு நட்சத்திர லேபிள் 2023 ஜனவரி முதல் கட்டாயம். நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல் லேபிளில் போட்டிருக்கும் வருடத்தையும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். அதனால் பழைய வருடத்து ஐந்து நட்சத்திரம் புதிய வருடத்தில் நாலோ மூன்றோதான்.

போன் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறோம். ரொம்ப மலிவான பட்டன் போன் 2ஜி-யாக இருந்தால் ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. 4ஜி-யா என்று கேட்டு வாங்குங்கள். பெட்டி பிரித்த போன் என்றால் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தைப் போட்டு, இடம் விட்டு, அந்த எண்ணை எழுதி 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போன் விவரம் வரும்.

"ஜி.எஸ்.டி. குறைஞ்சதால விலை குறைச்சிருக்கோம்மா" என்று எல்லாச் சாமானுக்கும் சொல்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கும் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கும் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைத்தார்கள். மிக்ஸிக்கும் பிரிட்ஜுக்கும் அதற்கு முன்பே 18-தான்.

இனி பில். நம் உறுப்பினர்கள் சிலருக்கு டவுனில் ஒரு கடையில் "எஸ்டிமேட்" என்று எழுதிய சீட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அது பில் ஆகாது. வாரண்டிக்குப் போனால் சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்புவார்கள். பில் தர மறுப்பதே 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் மாடல் நம்பர், சீரியல் நம்பர், "டிஸ்பிளே பீஸ், வாரண்டி உண்டு, எத்தனை வருடம்" என்பதை எழுதி வாங்குங்கள். எந்த நெளிசலைப் பார்த்து வாங்கினோம் என்பதையும் எழுதச் சொல்லலாம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே சட்டத்தில் குற்றம் சொல்லத்தக்கது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. 1915 என்ற எண்ணுக்குப் பேசினால் தமிழிலேயே புகார் எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாக, கடைக்குள்ளேயே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பைனான்ஸ்காரர். "வட்டியே இல்லக்கா" என்பார். வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. முதலில் ரொக்க விலையைக் கேளுங்கள். ஒரு உதாரணம்: பிரிட்ஜ் ரொக்கத்துக்கு 9,500, தவணைக்கு 10,200, பிராசஸிங் கட்டணம் 500. ஆக 1,200 ரூபாய் கூடுதல். அதே 9,500-ஐக் குழுவில் ஒரு ரூபாய் வட்டிக்கு எடுத்து எட்டு மாதத்தில் சமமாகக் கட்டினால், குறையும் அசலுக்கு வட்டி 428 ரூபாய்தான். அதுவும் நம் குழுவுக்கே வருகிறது. ஆனால் தள்ளுபடி இருக்கிறது என்பதற்காக மட்டும் உள்கடன் கேட்டு வராதீர்கள், ஆட்டுக்கும் படிப்புக்கும் கேட்டவர்கள் வரிசையில் இருக்கிறார்கள்.

யாருக்கு என்ன சாமான் வேண்டும் என்று குழுத் தீர்மான நோட்டில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. ஒரே சாமானை ஐந்து பேர் கேட்டால் மேனேஜரிடமே சேர்ந்து போய்ப் பேசலாம், வண்டி வாடகையும் பிரிந்துவிடும். பிரிட்ஜ் கேட்கிறவர்கள் வீட்டு வாசல் அகலத்தையும் அளந்து எழுதுங்க.